ஐந்து உயிரெழுத்துக்காரி

தோமித்திலா பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாராவது அவளை மண்டு என்றோ சோம்பேறி என்றோ சொல்லக்கூடும். சொல்கிற வாயில் புழு விழட்டும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பனி கொட்டிச் சாலையெல்லாம் மூடிக்கிடந்த நாளில் கூட, பிளாஸ்டிக் பையைக் காலில் கட்டிக்கொண்டு கோழி ஆலைக்கு நடந்தே போனவள் அவள்.

ஹோண்டுராஸிலிருந்து வந்தபோது முப்பத்து நாலு வயது. இப்போது ஐம்பத்து மூன்று. அன்று முதல் இன்று வரை எலும்பு பிரிக்கிற வரிசையில்தான் நிற்கிறாள். இரும்புக் கூம்பில் கோழி உட்கார்ந்தபடி வரும். தோளில் ஒரு வெட்டு, மறு தோளில் ஒரு வெட்டு, ஒரே இழுப்பு, மார்புக்கறி கையோடு வந்துவிடும். அதற்குள் அடுத்த கோழி வந்து நிற்கும். நிமிஷத்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், சொன்னாலும் நம்பமாட்டீர்கள். காலையில் அவள் எழுந்தால் வலதுகை கத்தியைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்கும். வெந்நீரில் முக்கி வைத்தால்தான் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், மறுபடி மடங்கும். முன்பெல்லாம் ஐந்து நிமிஷம் போதும். இப்போது காப்பி ஆறிப்போகிற வரை முக்கி வைக்க வேண்டியிருக்கிறது. விரல் மடங்காமல் போனவர்களை ஆலை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். "உனக்கேத்த வேலை இங்க இல்ல" என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டிவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் ஜூலை மாதம் அந்த நாற்காலி காலியானது.

லாரிகள் வந்து நிற்கிற முற்றத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு வாக்கி-டாக்கி. எந்த லாரி எந்தக் கதவில் பின்பக்கமாகப் போய் நிற்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. கத்தியும் கிடையாது, ஈரமும் கிடையாது, குளிரும் கிடையாது. மேற்பார்வையாளர் டரல் அவளைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"தோமி, நாற்காலி உனக்குத்தான்னு நான் மனசுல முடிவு பண்ணிட்டேன். ஆனா நீ ரேடியோவுல பேசினா டிரைவருக்குப் புரியணும். இப்ப நீ பேசறது எனக்கே பாதிதான் புரியுது. நவம்பர்ல ஒரு டெஸ்ட் வைப்பேன். அதுக்குள்ள இங்கிலீஷைக் கொஞ்சம் சரி பண்ணிக்க."

வீட்டுக்கு வந்து புருஷன் அனிசெத்தோவிடம் சொன்னாள். அவன் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழி பிடித்துக் கூண்டில் அடைக்கிறவன். கையெல்லாம் கோழி கீறின தழும்பு.

"நாற்காலியா? உட்காந்தே சம்பளமா?" என்றான். "அப்ப மொதல்ல இந்த டிவி சத்தத்தைக் கொறைடி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் நம்ம சீரியல்ல யாரு யாரை ஏமாத்துறான்னு எனக்கே சொல்றான்."

"கம்மியாத்தான் வெச்சிருக்கேன்."

"கம்மியா? செவுரு ஆடுது!"

அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சிரிக்காமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் வேலையிலிருந்து வந்த களைப்பில் யார் யோசிப்பார்கள்.

செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நூலகத்தின் பக்கவாட்டு அறையில் வகுப்பு. சொல்லித்தருகிறவள் யாரித்சா, போர்ட்டோரிக்கோக்காரி, இருபத்தேழு வயது. தோமித்திலாவின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே யாரித்சா கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அவர்களுடைய தாய்மொழியான ஸ்பானிஷில் உயிரெழுத்து ஐந்தே ஐந்து. எங்கே வந்தாலும் அதே அ, அதே எ, அதே இ. பத்து ஊர் தாண்டிப் போனாலும் மாறாது. ஆங்கிலத்திலோ எழுதுவதற்குத்தான் ஐந்து, வாயில் வரும்போது பதினான்கு.

"பதினாலா? மீதி ஒம்பது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் தோமித்திலா.

"அதைத்தான் தேடப்போறோம், தோன்யா தோமி. நம்ம 'அ' ஒண்ணு இருக்கில்ல, அந்த இடத்துல அவங்க மூணு வெச்சிருக்காங்க. கட்னா வெட்டு. கேட்னா பூனை. காட்னா கட்டில். மூணும் வேற வேற."

"மூணும் ஒண்ணாத்தானே இருக்கு?"

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வாரத்தில் சிலருக்குப் பிரிந்து கேட்டது. ஐந்தாவது வாரத்தில் ஏறக்குறைய எல்லாருக்குமே பிரிந்தது. தோமித்திலாவுக்கு மட்டும் பிரியவில்லை.

முயற்சி செய்யாமலா இருந்தாள்? நீட்ட வேண்டிய ஓசைக்கு ரப்பர் வளையத்தை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும், குறுக்க வேண்டியதற்கு விட்டுவிட வேண்டும் என்று யாரித்சா சொல்லித்தந்திருந்தாள். மணிக்கட்டு வலிக்க வலிக்க அதை இழுத்தாள். வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்குப் பல்லிடுக்கில் இரண்டு விரலைச் செங்குத்தாக வைத்துப் பழகினாள். வரிசையில் நிற்கும்போதும் விடவில்லை. இயந்திரம் போடுகிற இரைச்சலில் அங்கே யார் குரலும் யாருக்கும் கேட்காது. எல்லார் காதிலும் அடைப்பான். பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். போன ஞாயிறு பாதிரியார் யாரை மனதில் வைத்துப் பிரசங்கம் பண்ணினார் என்பது வரைக்கும் சத்தமே இல்லாமல் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கத்தில் நிற்கிற நோஎமி, பதினோரு வருஷமாக அவளோடு நிற்கிறவள், உதட்டாலேயே கேலி பண்ணினாள்: "என்னடி, பசு அசை போடுற மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடறே?"

"இங்கிலீஷ்."

"அடி கிறுக்கி, கோழி பயந்துபோய் தானா எலும்பைக் கழட்டிக் குடுத்துடப் போவுது!"

மூன்று மாதம் இப்படியே போயிற்று. அக்டோபரில் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு யாரித்சா அவளை நிறுத்தினாள்.

"தோன்யா தோமி, இங்க என் மூஞ்சியைப் பாருங்க. நான் மூணுல ஒண்ணு சொல்றேன், எதுன்னு விரலால காட்டுங்க." சொன்னாள். தோமித்திலா சரியாகக் காட்டினாள். பத்து முறையும் சரி.

"பாத்தியா மகளே! வந்துடுச்சு!"

யாரித்சா ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். மறுபடி சொன்னாள்.

தோமித்திலா காத்திருந்தாள். "சொல்லு."

"சொல்லிட்டேன்."

"இப்பவா?"

"மூணு தடவை சொல்லிட்டேன், அம்மா."

இதுவரை பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதைக்குத் தோன்யா என்றே கூப்பிட்டு வந்தவள் அன்று அம்மா என்று கூப்பிட்டாள். தோமித்திலாவுக்கு அதுதான் முதலில் பயத்தைக் கொடுத்தது. யாரித்சா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் காது கேக்கலை. நீங்க இத்தனை நாளா என் உதட்டைப் படிச்சிட்டிருக்கீங்க."

மெதடிஸ்ட் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் இலவச மருத்துவம். காது பார்க்கிற அம்மாள் கொலம்பியாக்காரி. தலையில் மாட்டுகிற கருவியை வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்றாள். தோமித்திலா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். கொஞ்சம் விட்டு அமுக்கினாள். மறுபடி கொஞ்சம் விட்டு அமுக்கினாள்.

அம்மாள் கருவியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "ஏம்மா, நான் இன்னும் மெஷினையே போடலையே."

தோமித்திலாவின் முகம் செத்துப்போயிற்று.

அது வரிசைப் பெண்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை. வருஷா வருஷம் வசந்தகாலத்தில் ஆலைக்கு ஒரு வெள்ளை வண்டி வரும். ஆறு ஆறு பேராக ஏற்றி உட்காரவைத்துக் காது பரிசோதிப்பார்கள். தோமித்திலா சேர்ந்த வருஷம் ஒத்தீலியா என்று ஒருத்தி அதில் தேறவில்லை. அடுத்த வாரமே அவளை உயிர்க்கோழி தொங்கவிடுகிற இருட்டறைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அவள் வேலையை விட்டே போய்விட்டாள். காதுக்கும் அந்த மாற்றத்துக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள்: சத்தம் மூன்று மூன்றாக வரும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மனதுக்குள் எண்ணு, அமுக்கு, அமுக்கு, அமுக்கு, கொஞ்சம் விடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் தோள் அசைவதைப் பார். இதில் தோமித்திலாவை மிஞ்ச ஆள் கிடையாது. நோஎமிக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். புதிதாக வருகிறவர்களை எல்லாரும் அவளிடம்தான் அனுப்புவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இப்ப ஏமாத்தாம அமுக்குங்க" என்றாள் அம்மாள்.

தோமித்திலா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பொத்தானைப் பிடித்துக்கொண்டு, சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். எப்போதாவது தூரத்தில் கொசு மாதிரி ஒன்று வந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை.

அம்மாள் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். கோடு மேட்டிலிருந்து கிளம்பிப் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. "இரைச்சல் தின்னுடுச்சு. பேச்சோட நடுப்பகுதி வரும், ஓரமெல்லாம் வராது. எந்த உயிரெழுத்துன்னு பிரிச்சுச் சொல்றது அந்த ஓரத்துலதான் இருக்கு. ரெண்டு காதுக்கும் கருவி வெச்சா ஓரளவு கேக்கும். ஆலைதான் இதைச் செஞ்சது, ஆலையே வாங்கித் தரணும். இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குடுங்க."

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள்தான், முகத்தைக் கடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்தாள். அதிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். வருஷத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது. எல்லாவற்றிலும் காது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் அடியில் தோமித்திலாவின் கையெழுத்து, வருஷம் ஏற ஏறக் கோணலாகிக்கொண்டே போயிருந்தது.

"போன ஏப்ரல்ல உங்க காது சின்னப் பொண்ணு காது மாதிரி இருந்திருக்கு" என்றாள் அந்தப் பெண். "ஆறே மாசத்துல இப்படி ஆயிருக்குன்னா அது எங்க இரைச்சலால இருக்க முடியாது. வீட்டுல ஏதாவது நடந்துச்சா? துப்பாக்கிச் சத்தம், டிவி, அப்படி எதுனாச்சும்?"

தோமித்திலா வாயைத் திறந்தாள். அப்போது நினைவுக்கு வந்தது நோஎமியின் முகம். உண்மையைச் சொன்னால் முதல் கேள்வி, உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? இரண்டாவது கேள்வி, நீ யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தாய்? வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு அறையில் நோஎமி பீன்ஸ் தடவின ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதடி. என் காதும் போயிடுச்சு, எனக்குத் தெரியும். என் புள்ளைங்க கூப்பிட்டா நான் திரும்பறதே இல்ல. ஆனா எனக்கு இன்னும் வீட்டுல மூணு பேரு படிக்குது. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் தோமித்திலா.

"நல்லதுக்குத்தானே சொல்லிக்குடுத்தே."

"நல்லதுக்குத்தான்." அதைச் சொல்லிவிட்டு அவள் தன் ரொட்டியை அப்படியே தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவள் விடவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்குப் போனாள். "எனக்குக் கேக்காட்டி என்ன? அவங்களுக்குக் கேட்டாப் போதும். வாய் எப்படி வெச்சா என்ன சத்தம் வரும்னு மட்டும் காட்டு" என்றாள். யாரித்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, நாக்கு பல்லுக்குப் பின்னால் எங்கே நிற்கிறது, உதடு எவ்வளவு குவிகிறது, தாடை எத்தனை விரல் இறங்குகிறது, தொண்டையில் கைவைத்தால் எங்கே அதிர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூட்டுக்காரன் சாவியைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். சரியாக வந்தால் யாரித்சா கட்டைவிரலை உயர்த்துவாள், தவறினால் தலையை ஆட்டுவாள். பதினான்கையும் அப்படியே வாய்க்குள் கொண்டுவந்து சேர்த்தாள். தனக்கே கேட்காத சத்தங்களை ஒரு பெண்பிள்ளை இருபது நாளில் படித்து முடித்தாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

"டிரைவர் திருப்பிப் பேசினா என்ன பண்ணுவீங்க, அம்மா?" என்று யாரித்சா ஒருநாள் கேட்டாள். "ரேடியோவுக்கு உதடு கிடையாதே."

"கண்ணாடி வழியா லாரியைப் பாத்துக்குவேன். சொன்ன கதவுக்குத்தான் போறானான்னு கண்ணுக்குத் தெரியும்ல."

"டரல்கிட்ட காதைப் பத்திச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா நாற்காலி போயிடும்."

நவம்பர் இரண்டாவது புதன்கிழமை காலை டெஸ்ட். தோமித்திலா ஈஸ்டருக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். டரல் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் எட்டு வரி. எந்த லாரி, எந்தக் கதவு. வாக்கி-டாக்கியின் பொத்தானை அமுக்கி, முதல் வரியைப் படித்தாள். முற்றத்தில் நின்ற லாரி ஒன்று அசைந்து, மூன்றாம் கதவுக்குப் போய் அழகாக நின்றது. இரண்டாவது வரி. ஒன்பதாம் கதவு, அதுவும் சரி. டரல் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவது, நான்காவது. அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தார்.

"தோமி, யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது? எங்க மாமியார் மாதிரி பேசறியே!"

அவர் உதட்டில் அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐந்தாவது வரி. ஏழாம் கதவு. பெரிய குளிர்பெட்டி லாரி. அது அசையவில்லை.

வாக்கி-டாக்கியில் ஏதோ கரகரவென்று வந்தது. டிரைவர் எதையோ கேட்கிறான். டரல் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார், அவர் முகமும் தெரியவில்லை. கரகரப்பு நின்றது. மறுபடி வந்தது. நின்றது. தோமித்திலா காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனம் தானாகவே எண்ணியது. பொத்தானை அமுக்கினாள்.

"யெஸ்" என்றாள். அதுவும் சுத்தமாகத்தான் வந்தது.

லாரி பின்னால் வர ஆரம்பித்தது. டரல் பாய்ந்து அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கத்தினார். ஏழாம் கதவுக்கு நேரே, சரக்குப் பலகை இழுக்கிற கைவண்டியோடு ஒருவன் குனிந்து நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். லாரி அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் கேட்டது அதுதான்: பின்னால் ஆள் இல்லையே? வரலாமா?

வண்டிக்காரன் நிமிர்ந்து, லாரியைத் தொட்டுப் பார்த்து, கண்ணாடி அறையை நோக்கிக் கையை விரித்தான்.

டரல் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. என்னென்னவோ சொன்னார், வேகமாக, வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு. தோமித்திலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் ஒரு வார்த்தையைத் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். அது மட்டும் புரிந்தது. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். மீதி மூன்று வரி படிக்காமலே இருந்தது. அதை இரண்டாக மடித்து, கிழிக்காமல், மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கதவருகில் அவள் நின்றாள். "சார், இங்கிலீஷ் எப்படி இருந்துச்சு?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். ஒரு எழுத்து பிசகாமல் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு, தோமி" என்றார் அவர். இந்த முறை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

நீலச் சட்டைக்கு மேலேயே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, வலையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் வரிசைக்குப் போனாள். அவள் இடத்தில் யாரோ ஒரு புதியவள் நின்றிருந்தாள். அவளை நகரச் சொல்லித் தோளைத் தட்டினாள். நோஎமி எதிரில் வந்து உதட்டால் கேட்டாள்: "என்ன ஆச்சு?"

தோமித்திலா கத்தியை எடுக்கப் பார்த்தாள். அன்று காலை அவசரத்தில் கையை வெந்நீரில் சரியாக ஊறவைக்கவில்லை. விரல்கள் கத்தியைச் சுற்றி மடங்க மாட்டேன் என்றன. நோஎமி தன் கோழியை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து, பிடியைச் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அமுக்கிவிட்டாள். இரண்டு கோழி வெட்டப்படாமல் அவர்களைத் தாண்டிப் போயிற்று. தூரத்தில் யாரோ அதற்காகக் கத்தினார்கள். இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.